காணி பெற்றவரும் கூலி பெற்றவரும்

அந்தமானில் நம் மக்கள் வாழும் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு பேச்சு நெடுநாளாக உலவி வருகிறது. "வங்காளி காலூன்றிவிட்டான். அவனுக்கு வயல் இருக்கிறது, தென்னை இருக்கிறது, பஞ்சாயத்தில் நாற்காலி இருக்கிறது. நாம் வந்த அன்று எப்படி இருந்தோமோ அப்படியே கிடக்கிறோம். குறை நம்மிடந்தான். நமக்கு ஒற்றுமை இல்லை, சேமிக்கத் தெரியவில்லை, குடியை விட முடியவில்லை" என்பதே அந்தப் பேச்சு. பெரியவர்கள் இதை வருத்தத்தோடு சொல்கிறார்கள். பிள்ளைகள் வெட்கத்தோடு கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுக் கேட்டு, தன் இனமே மட்டமானது என்ற எண்ணம் பிஞ்சு மனத்தில் ஏறிவிடுகிறது.

குடியைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் நம் சங்கம் பேசாத நாளில்லை. இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் ஒரு சமூகம் ஏன் உயர்ந்தது, இன்னொன்று ஏன் உயரவில்லை என்ற கேள்விக்கு அது விடையல்ல. இரண்டு சமூகங்களும் எந்தக் கப்பலில் வந்தன, இறங்கும்போது கையில் என்ன கொடுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். அந்தக் கணக்கை இந்த இதழில் பார்ப்போம்.

கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்

1947-ல் நாடு துண்டாடப்பட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் உடுத்திய துணியோடு எல்லை தாண்டினார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் நாமசூத்திரர் என்னும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த உழவர்கள். அவர்களை எங்கே குடியமர்த்துவது என்று திகைத்த அரசு, தண்டனைத் தீவாக இருந்து ஆளொழிந்து கிடந்த அந்தமானை நினைத்தது. 1949 மார்ச்சில் 'மகாராஜா' கப்பலில் முதல் குடும்பங்கள் வந்து இறங்கின. தெற்கு அந்தமானில் ஹம்ஃப்ரிகஞ்ச், மன்பூர், துஷ்னாபாத், காலின்பூர் ஆகிய ஊர்கள் எழுந்தன. பின்னர் ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் என்று வடக்கே பரவின. 1961-க்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் குடியேறிவிட்டன. நீல் தீவு, ஹேவ்லாக் தீவு, லிட்டில் அந்தமான் என்று அதற்கப்புறமும் ஊர்கள் வளர்ந்தன.

இறங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? குடும்பத்துக்கு 10 ஏக்கர் நிலம். அதில் 5 ஏக்கர் நெல் விளையும் சமவெளி. 5 ஏக்கர் வீடும் தோட்டமும் போட மேட்டு நிலம். மாடு வாங்க, ஏர் வாங்க, விதை வாங்க, கூரை போடக் கடனுதவி. இவற்றுக்கெல்லாம் மேலாக, அரசு ஏட்டில் 'குடியேறியவர்' என்ற பெயர்.

இதைச் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மழை, அட்டை, மலேரியா, காட்டுப் பன்றி எல்லாம் இருந்தன. வேர் பிடுங்காத நிலத்தில் ஏர் உடைந்தது. கடனைத் திருப்பிக் கட்டவும் வேண்டியிருந்தது. ஆனாலும் உழைத்த உழைப்பு அவர்கள் காலடியிலேயே தங்கியது. அப்பன் வைத்த தென்னையில் மகன் காய் பறித்தான். நிலம் இருந்ததால் ஊர் நிலைத்தது, ஊர் நிலைத்ததால் தாய்மொழிப் பள்ளி வந்தது, பள்ளி வந்ததால் வாத்தியாரும் குமாஸ்தாவும் உண்டானார்கள்.

சென்னையிலிருந்து வந்த கப்பல்

நாம் எப்படி வந்தோம்? இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வானம் பொய்த்த ஆண்டுகளில், மேஸ்திரி காட்டிய வழியில் மூன்று நாள் கடலைக் கடந்து வந்தோம். அதற்கும் முன்பே சென்னை மாகாணத்திலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் வந்த நம்மை அழைத்தது வேலை. துறைமுகம் கட்ட ஆள் வேண்டும், சாலை போட ஆள் வேண்டும், கல் உடைக்க, மரம் இழுக்க, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டும். 1883-ல் தொடங்கிய சாத்தம் மரவாடியிலிருந்து காட்டைக் குடைந்து போட்ட அந்தமான் நெடுஞ்சாலை வரை நம் வியர்வை விழாத இடம் எது?

நமக்குக் கொடுக்கப்பட்டது தினக்கூலி. அரசு ஏட்டில் நம் பெயர் 'மஸ்தூர்'. வேலை முடிந்தால் ஊர் திரும்புகிறவன் என்பது அந்தப் பெயருக்குள் அடங்கிய பொருள். திரும்புகிறவனுக்கு நிலம் எதற்கு, வீட்டுமனை எதற்கு, பட்டா எதற்கு? அதனால்தான் வேலைத்தலத்துக்கு அருகே, மலைச்சரிவில், யாருக்கும் வேண்டாத இடத்தில் தகரமும் மூங்கிலும் கொண்டு குடிசை போட்டோம். பிள்ளைகள் பிறந்தார்கள். பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் அந்த இடத்துக்கு அரசு வைத்த பெயர் 'ஆக்கிரமிப்பு'. தீவைக் கட்டியவன் தீவை ஆக்கிரமித்தவன் ஆனான்!

இது தமிழன் என்பதற்காக நமக்கு மட்டும் இழைக்கப்பட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. சோட்டாநாகபுரியிலிருந்து வந்த ராஞ்சி மக்களைப் பாருங்கள். முண்டா, ஒராவோன், காரியா என்னும் அந்த ஆதிவாசிகளை வெள்ளைக்காரன் 1918-லேயே கத்தோலிக்கத் தொழிலாளர் நிலையத்தின் மூலம் காடு வெட்டக் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பின்னும் அவர்களே காடு வெட்டினார்கள். வங்காளிக் குடும்பங்களுக்குக் கொடுத்த நிலத்தின் மரங்களைச் சாய்த்தவர்களிலும் அவர்கள் உண்டு. வெட்டிய கைக்கு நிலமில்லை. தம் சொந்த மாநிலத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அவர்களுக்கு இந்தத் தீவில் அந்தத் தகுதியும் இல்லை. பாராதாங் தீவிலும் மற்ற காட்டோரங்களிலும் அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றே. கூலிக்கு வந்தவன் எந்த மொழி பேசினாலும் கூலியாகவே வைக்கப்பட்டான்.

ஒரே அரசு, இரண்டு அளவுகோல்

"வங்காளி அகதியாக வந்தான், அதனால் நிலம் கொடுத்தார்கள், நாம் பிழைக்க வந்தவர்கள், அதனால் கொடுக்கவில்லை" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அவர்கள் கச்சால் தீவைப் பார்க்கட்டும்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்கள். நூறாண்டுக்கு மேல் மலைநாட்டில் உழைத்த குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கின, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றன. அவர்களும் நாடிழந்து வந்தவர்களே. அவர்களுக்கும் மறுவாழ்வு கொடுக்க வேண்டியது இந்திய அரசே.

அந்த அரசு என்ன செய்தது? அவர்களுக்கென்றே தோட்டங்கள் திறந்தது. நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரியில் ரப்பர், கேரளத்தில் புனலூரில் ரப்பர், கர்நாடகத்தில் புத்தூர், சுள்ளியாவில் ரப்பர். அந்தமான் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டம். அங்கே சில பத்துக் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் அந்தத் தோட்டம், 1977-ல் உருவான வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் இருந்தது.

கிழக்கு வங்காள உழவனுக்கு ஏர் கொடுத்த அரசு, இலங்கைத் தோட்டத் தொழிலாளிக்கு மறுபடியும் பால்வெட்டும் கத்தியையே கொடுத்தது. அங்கே லயம், இங்கேயும் லயம். அங்கே கங்காணி, இங்கே சூப்பர்வைசர். வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். ஒரே இந்திய அரசு, ஒரே தீவுக் கூட்டம், இரண்டு அகதிக் கூட்டங்கள். ஒருவருக்குக் காணி, இன்னொருவருக்குக் கூலி.

விளைவைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, தீவுக் கூட்டத்திலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கச்சால். அதற்கு முன்பே, 2002-ல் உச்சநீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்ததும் கழகத்தின் வருமானம் வற்றிப்போனது. கடைசியில் கழகத்தையே மூடுவது என்று மத்திய அரசு முடிவு செய்தது. முதலாளி போனால் தொழிலாளிக்கு அந்த மண்ணில் என்ன மிச்சம்? கச்சால் பழங்குடிப் பாதுகாப்புப் பகுதி. அங்கே வெளியார் நிலம் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஆக, நிலம் என்பதே கைக்கு வராத ஓர் இடத்தில்தான் நம்மவர்களை அரசு இறக்கிவிட்டிருந்தது.

நீலகிரியிலும் இதே கதைதான். 2022-ல் அரசுத் தேயிலைத் தோட்ட நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தரத் தமிழக அரசு உத்தரவிட்டபோது, ஐம்பதாண்டு கொழுந்து பறித்த குடும்பங்கள் "இனி எங்கே போவது?" என்று கேட்டன. தமிழர் ஆளும் மாநிலத்திலும் கூலிக்குக் கொடுத்த வீடு சொந்த வீடாகவில்லை.

மனிதர் ஒன்று, காகிதம் இரண்டு

"வங்காளிக்குப் பயிர்த்தொழில் கைவந்த கலை, அதனால் எங்கு விட்டாலும் பிழைப்பான்" என்பவர்கள் தண்டகாரண்யத்தை மறந்துவிடக் கூடாது. அதே கிழக்கு வங்காளம், அதே நாமசூத்திரர். ஒரு பகுதியினரை அந்தமானுக்கு அனுப்பிய அரசு, இன்னொரு பெரும் பகுதியினரை மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டு மேட்டில் விட்டது. கல்லும் சரளையுமான நிலம், தண்ணீர் இல்லை. தாங்க முடியாமல் 1978-ல் ஆயிரக்கணக்கானோர் வெளியேறி, சுந்தரவனத்தில் மரிச்ஜாபித் தீவில் குடிசை போட்டார்கள். 1979-ல் போலீஸ் அந்தத் தீவை முற்றுகையிட்டது, துப்பாக்கி வெடித்தது, குடிசைகள் எரிந்தன. திக்லிப்பூரில் நெல் அறுத்தவனின் சொந்தக்காரன் மரிச்ஜாபியில் உயிர் விட்டான். இரத்தம் ஒன்று. கையில் கொடுத்த காகிதமும் நிலமும் வேறு.

நம்மவர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. 1969 முதல் கிரேட் நிக்கோபாரில், கேம்ப்பெல் பே பகுதியில், முன்னாள் படைவீரர் குடும்பங்கள் 330-க்கும் மேல் நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபியரே மிகுதி. ஆனால் தமிழ்நாட்டவரும் அவர்களில் இருந்தார்கள். அந்தத் தமிழர்கள் தென்னையும் பாக்கும் வைத்து நிலக்காரர்களாக வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மட்டும் ஒற்றுமையும் சேமிப்பும் எங்கிருந்து வந்தன?

அட்லாண்டிக்குக்கு அப்பால்

இது நம் தீவின் கதை மட்டுமல்ல. உலகத்தில் மனிதன் பிழைக்கப் போன இடமெல்லாம் இதே கணக்குத்தான். ஐரோப்பாவின் இரு ஓரங்களில் கடலைப் பார்த்துக் கிடக்கும் இரண்டு சிறிய நாடுகள் நார்வேயும் போர்ச்சுகலும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டிலும் வறுமை, இரண்டிலும் மீனவரும் சிறு உழவரும் கப்பலேறினார்கள்.

1825 முதல் 1925 வரை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நார்வேயர் வட அமெரிக்கா போனார்கள். 1862-ல் அமெரிக்க அரசு குடியேற்ற நிலச் சட்டம் ஒன்று போட்டது. ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். மின்னசோட்டாவிலும் டக்கோட்டாவிலும் நார்வேயர் அந்த நிலத்தைப் பிடித்தார்கள். நிலத்தைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றிக் கோயில். 1874-ல் செயின்ட் ஓலாஃப் கல்லூரிக்கு அவர்களே அடித்தளம் போட்டார்கள். 1893-ல் நார்வேயில் பிறந்த நூட் நெல்சன் மின்னசோட்டாவின் ஆளுநரானார்.

போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து போனவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. முதலில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் கூலி, பிறகு மாசாசூசெட்சின் நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் நகரங்களின் பஞ்சாலைகளில் கூலி. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் சிறு வயதிலேயே ஆலைக்குப் போனார்கள். 1928-ல் கூலியில் பத்தில் ஒரு பங்கை முதலாளிகள் வெட்டியபோது, நியூ பெட்ஃபோர்டில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் போர்ச்சுகீசியர் முன்னணியில் நின்றார்கள். ஆனால் நார்வேயர் பேரன் கல்லூரிக்குப் போன காலத்தில், போர்ச்சுகீசியர் பேரன் ஆலைச் சங்கை எதிர்பார்த்து எழுந்துகொண்டிருந்தான்.

உடனே அங்கேயும் ஒரு பேச்சு கிளம்பியது. "வடக்கத்தி நார்வேக்காரன் உழைப்பாளி, தெற்கத்திப் போர்ச்சுகீசியன் மந்தம்" என்றார்கள். நம் தீவின் பேச்சு மாதிரியே இல்லையா? அந்தப் பேச்சின் வாயை அடைத்தது ஹவாய்த் தீவு. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு 1878 முதல் போர்ச்சுகீசியரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1881-ல் 'பீட்டா', 'மஸ்கா' என்ற இரு கப்பல்களில் நார்வேயர்களையும் கொண்டுவந்தார்கள். மின்னசோட்டாவில் பேர்பெற்ற அதே உழைப்பாளிகள் ஹவாயில் என்ன செய்தார்கள்? சோறு சரியில்லை, நடத்தும் முறை சரியில்லை என்று முறையிட்டார்கள். வேலைக்குப் போக மறுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலோர் அமெரிக்கக் கரைக்குப் போய்விட்டார்கள். நிலம் கொடுத்தால் நார்வேக்காரன் ஊரை உண்டாக்கினான். ஒப்பந்தக் கூலியாக வைத்தால் தோட்டத்தை விட்டு ஓடினான்.

போர்ச்சுகீசியர் நிலையும் இடத்துக்கு இடம் மாறியது. மதீரா தீவிலிருந்து 1835-ல் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கரும்புக் கூலிகளாகப் போனவர்கள் விரைவில் சில்லறை வணிகத்துக்கு வந்துவிட்டார்கள். வெள்ளை வணிகர்கள் விடுதலை பெற்ற கறுப்பர்களுக்குத் தராத கடனை அவர்களுக்குத் தந்ததே காரணம். 1838 முதல் அதே கயானாவுக்குப் போன இந்தியக் கூலிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆக, எந்த இனத்துக்கும் பிறவியிலேயே ஏர்பிடிக்கும் கையோ எடுபிடிக் கையோ கிடையாது. நிலமும் கடனும் கொடுத்த இடத்தில் குடியானவன் உண்டானான். ஒப்பந்தமும் லயமும் கொடுத்த இடத்தில் கூலி உண்டானான். மூன்றாம் தலைமுறையில் இந்த வேறுபாடு இயற்கைபோல் தெரிகிறது. அவ்வளவுதான்.

பட்டியலும் நாற்காலியும்

நிலத்தில் தொடங்கிய வேறுபாடு நிலத்தோடு நிற்பதில்லை. இந்தத் தீவுகளில் பிற்பட்டோர் பட்டியல் போட்டபோது, 1942-க்கு முன் வந்த உள்ளூர்க்காரர், பாந்து, மாப்பிள்ளை, கரேன், வங்காளிக் குடியேறியவர் என்று ஐந்து சமூகங்களைச் சேர்த்தார்கள். 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியேறிய கரேன் மக்களும், மலபார் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைகளும் இடம் பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தமிழ்த் தொழிலாளி எங்கே? ராஞ்சிக்காரன் எங்கே? யாரெல்லாம் 'குடியேறியவர்' என்று ஏட்டில் ஏறினார்களோ அவர்களுக்கே பட்டியலிலும் இடம். நிலம் கிடைக்காதவனுக்குச் சலுகையும் கிடைக்கவில்லை. இருப்பவனுக்கே மேலும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னும் ஒன்று. இந்த யூனியன் பிரதேசத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலே இல்லை. ஊரில் சேரியில் பிறந்து, சாதிக் கொடுமைக்கும் தப்பித்தான் இங்கே வந்தான் நம்மில் ஒருவன். அவன் பிள்ளை இங்கே பிறந்து இங்கே படித்தால், தீவின் வேலைவாய்ப்பில் அந்தத் தகுதி செல்லாது. தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால் "நீ அந்தமான்காரன்" என்கிறார்கள். வங்காளி நாமசூத்திரருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மேற்கு வங்கத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள் இங்கே அப்படி இல்லை. இந்த ஒரு கோரிக்கையில் அவர்களும் நாமும் தோளோடு தோள் நிற்க முடியும், நிற்க வேண்டும்.

அரசியலைப் பாருங்கள். இங்கே சட்டமன்றம் கிடையாது, மக்களவைக்கு ஒரே இடம். 1977 முதல் 2024 வரை நடந்த தேர்தல்களில் 2019 ஒன்றைத் தவிர, வென்றவர்கள் மனோரஞ்சன் பக்தா, விஷ்ணு பதா ராய் ஆகிய இருவரே. நிலைத்த ஊரும் நிலைத்த ஓட்டும் உள்ள சமூகத்தின் வலிமை அது. அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. 2001 கணக்கெடுப்பில் தீவின் நூறு பேரில் ஏறக்குறைய பதினெட்டுப் பேருக்குத் தாய்மொழி தமிழ். 2011-ல் அது பதினைந்து ஆனது. இவ்வளவு பேர் இருந்தும் நம் ஓட்டு வேலைக்கேற்ப இடம் மாறி, முகவரி மாறி, பட்டியலில் விடுபட்டுச் சிதறுகிறது. பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் நம்மைச் சிறுகூட்டம் என்று சொல்ல மாட்டார்கள். காவடி எடுக்கக் கூடும் நாம் பட்டா கேட்கக் கூடுவதில்லை.

நிலம் யாருடையது?

நிலம் கேட்கும்போது ஒரு கடமையையும் மறக்கக் கூடாது. இந்தத் தீவுகள் யாருமில்லாத வெற்று நிலமாக இருந்ததில்லை. 1858-ல் வெள்ளைக்காரன் கைதிகளோடு வந்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர்தான். ஜாரவா, ஓங்கே மக்களின் காடுகள் சுருங்கின. நாம் போட்ட சாலையே ஜாரவா காட்டைப் பிளந்து போகிறது. மின்னசோட்டாவில் நார்வேயருக்குக் கிடைத்த நிலமும் செவ்விந்தியரிடமிருந்து பறித்ததே.

ஆகவே நாம் கேட்பது பழங்குடிப் பகுதியில் ஒரு சாண் நிலம்கூட அல்ல. நாம் ஏற்கனவே குடியிருக்கும் வருவாய் நிலத்தில் வீட்டுமனை, நாம் ஏற்கனவே செய்த வேலைக்குக் கணக்கு. இதைத்தான் கேட்கிறோம். ஏழையின் கோரிக்கை இன்னொரு ஏழையின் வயிற்றில் அடிப்பதாக இருக்கக் கூடாது.

கேட்க வேண்டியவை

முதலாவது, குடியிருக்கும் மனை. 1978-க்கு முந்திய ஆக்கிரமிப்புகளை முறைப்படுத்துவதாக அரசு ஏற்றது. அந்தக் கெடுவுக்கு முன் வந்தும் தாள் இல்லாத ஒரே காரணத்தால் விடுபட்ட குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். பின்னர் வந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு மாற்று மனை காட்டாமல் குடிசையில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, பிற்பட்டோர் பட்டியல். மொழியைப் பார்த்தல்ல, வந்த ஆண்டையும் செய்த தொழிலையும் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். அப்படிப் போட்டால் தமிழர், ராஞ்சியர், தெலுங்கு மீனவர் எல்லோரும் அதில் வருவார்கள்.

மூன்றாவது, கச்சால் குடும்பங்கள். நாடு கடத்தி, கடல் கடத்தி, தோட்டத்தில் விட்ட அரசே அவர்களுக்குப் பழங்குடிப் பகுதிக்கு வெளியே சொந்த மனை கொடுக்க வேண்டும். 1949-ல் ஒரு அகதிக்குக் கொடுத்ததில் ஒரு துளியையாவது இன்னொரு அகதியின் பேரனுக்குக் கொடுப்பது நியாயமில்லையா?

நான்காவது, தினக்கூலி. ஆண்டுக்கணக்கில் ஒரே துறையில் மஸ்தூராக உழைக்கிறவர்களை நிரந்தரமாக்க வேண்டும். தினக்கூலி என்ற பெயரிலேயே தலைமுறைகள் கழிவது வேலையாகாது, அது விலங்கு.

இவை ராஞ்சி மக்களும் தெலுங்கு மக்களும் நம்மோடு சேர்ந்து கேட்கக்கூடியவை. வங்காளி உழவரும் எதிர்க்க மாட்டார்கள். 10 ஏக்கர் மகன்களுக்குள் பங்காகிச் சுருங்கியும், ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கு அந்தமானின் வயல்களில் உப்புநீர் ஏறியும் அவர்களில் பலர் இன்று கூலிக்கு வருகிறார்கள். காணி பெற்றவரின் பேரனும் கூலி பெற்றவரின் பேரனும் ஒரே வேலைத்தலத்தில் நிற்கும் காலம் வந்துவிட்டது. அவரைப் பகைத்து நமக்கு ஆவதொன்றுமில்லை. அவருக்குக் கிடைத்தது தவறல்ல. நமக்குக் கிடைக்காததே தவறு.

கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். ஏடு இல்லாதவன் சொல் அலுவலகத்தில் ஏறாது என்பதை இத்தனை ஆண்டில் கண்டுவிட்டோம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்பாவின் வேலைச் சீட்டு, கூலிப் பட்டியலின் நகல், பழைய ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைச் சான்று, தீவுவாசி அடையாள அட்டை, முதன்முதலில் வந்த கப்பலின் டிக்கெட், கச்சால் குடும்பங்களானால் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை எதையும் கரையானுக்கு விடாதீர்கள். தாத்தா எந்த ஆண்டு, எந்த மேஸ்திரியோடு வந்தார், எந்தச் சாலையில் கல் போட்டார் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகலைச் சங்கக் கிளையில் சேருங்கள். குடும்பம் குடும்பமாக ஆண்டோடும் ஊரோடும் அந்தப் பட்டியல் திரண்டபின், அதைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்தின் முன் போவோம். நம் பெயர் அவர்கள் ஏட்டில் இல்லாவிட்டால், நம் ஏட்டை நாமே எழுதுவோம்.